சீதேவியார் செங்கழுநீரை இனங்காணல்

காட்டோரங்களிலும் வயல் வரம்புகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் தானாக முளைக்கும் சீதேவியார் செங்கழுநீர், இலங்கையின் இயற்கைப் பூண்டுகளுள் ஒன்றாகும். பெயரிற் செங்கழுநீர் என்றிருப்பினும் அது நீர்ப்பூவன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுதேச வைத்தியத்தில் காய்ச்சலுக்கான கசாயங்களில் இது சேர்க்கப்படுவதால், களை பிடுங்கும்போது இதனை வேறாக எடுத்து வைத்தல் உண்டு. ஆயின், இதனை ஒத்த சில பூண்டுகள் நஞ்சுடையவை. ஆதலின், இதனைச் சரிவர இனங்காணல் அவசியமாகும்.

அடையாளங்கள்

இப்பூண்டு நிமிர்ந்து வளரும். தண்டு மெல்லியது, நீளவாட்டில் வரிகளும் நரைநிறமான நுண்மயிர்களும் உடையது. இலைகள் தண்டில் ஒன்றுவிட்டொன்றாக அமைந்து, மேலே செல்லச் செல்லச் சிறுக்கும். நுனிக் கிளைகளில் ஊதா நிறமான சிறு பூந்தலைகள் தோன்றும். ஒரு பூவெனத் தோன்றும் ஒவ்வொரு தலையும் ஏறத்தாழ 20 சிறுபூக்களின் கூட்டமாகும். சூரியகாந்தியிற் காணப்படும் நாவடிவ விளிம்புப் பூக்கள் இதில் இல்லை. முதிர்ந்தபின் தலை வெண்ணிற மயிர்க்குஞ்சமாக விரியும். வித்துக்கள் காற்றிற் பரவும்.

மயக்கந்தரும் பூண்டுகள்

1. முயற்செவி: இதன் பூவும் ஊதா நிறமே. ஆயின், மேலிலைகளின் அடி காதுபோல் விரிந்து தண்டைத் தழுவியிருக்கும். மொட்டுக்கள் தலைகுனிந்து நிற்கும்.

2. அஜெரேட்டம்: அமெரிக்காவிலிருந்து வந்த களை. இலைகள் எதிரெதிராக அமைந்தவை. கசக்கினால் கடுமணம் வீசும். பூ இளநீலம் அல்லது வெண்மை.

இவ்விரண்டிலும் ஈரலைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு. எதியோப்பியாவின் திகிரேப் பகுதியில் 2000ஆம் ஆண்டின் பின் ஈரல் நோய் பரவியபோது, தானியத்தோடு கலந்த அஜெரேட்ட வித்துக்களே நச்சுக்கு மூலமென ஆய்வாளர் கண்டனர். எனவே, அறுவடைக்கு முன்னரே இக்களையை அகற்றுதல் நன்று.

செய்யவேண்டியவை

பூவின் நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. இலை ஒன்றுவிட்டொன்றாக உள்ளதா, அதன் அடி தண்டைத் தழுவாதுள்ளதா, கடுமணம் இல்லையா என்னும் மூன்றையும் நோக்குக. ஒன்றேனும் பொருந்தாவிடின் அதனை மருந்துக்கு எடுத்தலாகாது. களைநாசினி தெளித்த நிலத்துப் பூண்டையும் விலக்குக. தோட்டத்திற் களையாக மிகுமாயின், வெண்குஞ்சம் விரியுமுன் வேரோடு பிடுங்குக. அதன்பின் பிடுங்கினால் வித்துக்கள் காற்றோடு அயல் நிலங்களையும் சேர்ந்துவிடும்.