உங்களுக்குத் தெரியுமா? குளுக்கோஸ்: எப்போது மருந்து, எப்போது மிகை?

களைப்பாக இருந்தால் குளுக்கோஸ் கரைத்துக் குடி, காய்ச்சல் வந்தால் ஒரு பாட்டில் ஏற்று, மனசு சரியில்லையென்றால் இனிப்பாக ஏதாவது சாப்பிடு. வீட்டுக்கு வீடு கேட்கிற யோசனைகள் இவை. இவற்றில் உடல் ஒப்புக்கொள்வது எது, ஒப்புக்கொள்ளாதது எது?

● ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸ் வெறும் 4 அல்லது 5 கிராம். ஒரு டீஸ்பூன் அளவு. மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் செலவழிக்கிறது. அந்த ஒரு ஸ்பூன் தீரத் தீர நிரப்பிக்கொண்டே இருப்பது கல்லீரல்.

● கல்லீரலுக்கு இந்த வேலை இருப்பதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார். இனிப்பே தின்னாத விலங்கின் கல்லீரலிலும் சர்க்கரை இருப்பதை 1848-ல் கண்டார். அதைச் சேமித்து வைக்கும் கிளைக்கோஜனை 1857-ல் பிரித்தெடுத்தார். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் இருப்பு இருக்கும். தசையில் உள்ளது அந்தத் தசைக்கே. அது ரத்தத்துக்கு நேரடியாகத் திரும்பாது.

● சிவப்பணுக்களுக்குக் குளுக்கோஸைத் தவிர வேறு எரிபொருளே கிடையாது. கொழுப்பை எரிக்க மைட்டோகாண்ட்ரியா வேண்டும். அது அவற்றில் இல்லை.

● பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. உடனே கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் இறக்குகிறது. மன அழுத்தம் நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் சேர்ந்துகொள்ளும். தசைப் புரதத்தைக் கரைத்துக்கூடப் புதுக் குளுக்கோஸ் தயாராகும். ஆகவே கவலையில் உட்கார்ந்திருப்பவருடைய ரத்தத்தில் குளுக்கோஸ் ஏற்கெனவே போதுமான அளவு ஓடுகிறது. அவருக்குத் தேவை இன்னொரு ஸ்பூன் இனிப்பல்ல, ஒரு நடை. வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

● பட்டினி கிடப்பவரின் கதை வேறு. கடலில் உயிர்காப்புப் படகில் தவிப்பவர்களுக்கு என்ன உணவு கொடுக்கலாம் என்று 1940-களில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கேம்பிள் ஆராய்ந்தார். நாளைக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்தாலே உடற்புரதம் கரைவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதற்கு மேல் கூட்டியதால் பெரிய பலன் கிடைக்கவில்லை.

● பட்டினியின்போது உடல் தன் அடுப்பைத் தணித்துக்கொள்கிறது. தைராய்டு ஹார்மோன்களில் வீரியம் மிக்க டி3-யின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும். மாவுச்சத்துள்ள உணவு கிடைத்ததும் அது மீண்டும் ஏறும்.

● அறுவைச் சிகிச்சையும் உடலுக்குப் பெரிய அழுத்தம்தான். முதல் நாள் இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்ற பழைய விதியை இன்று பல மருத்துவமனைகள் தளர்த்திவிட்டன. தகுதியுள்ள நோயாளிகளுக்கு, மயக்க மருந்து கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு வரை, சுமார் 50 கிராம் மாவுச்சத்து கலந்த தெளிந்த பானம் தருகிறார்கள். வெறும் வயிற்றோடு போவதைவிட இதில் பசியும் பதற்றமும் குறைவு; அறுவைக்குப் பின் இன்சுலினும் மேலாக வேலை செய்கிறது. இதை டாக்டர் சொன்னால் மட்டுமே குடிக்க வேண்டும்.

● 1924 பாஸ்டன் மாரத்தான் முடிந்ததும் ஓடியவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். தளர்ந்து வெளிறிப்போனவர்களுக்குக் குளுக்கோஸ் மிகவும் இறங்கியிருந்தது. மறு ஆண்டு ஓட்டத்துக்கு நடுவே மிட்டாய் கொடுத்தார்கள். அந்தத் தளர்ச்சி பெரிதும் தவிர்க்கப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கடுமையாக ஓடுபவர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்றைய விளையாட்டு மருத்துவக் கணக்கு. மாலையில் அரை மணி நேரம் நடப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

● இனிப்பை விழுங்காமலே தெம்பு வருமா? 2004-ல் பர்மிங்காம் ஆய்வாளர்கள், சைக்கிள் வீரர்களை மாவுச்சத்துக் கரைசலால் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் அவர்களின் வேகம் கூடியது! வாயில் பட்டதுமே மூளைக்குச் செய்தி போய்விடுகிறது. குளுக்கோஸ் தண்ணீர் குடித்த அடுத்த நொடியே வரும் சுறுசுறுப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

● 'குளுக்கோஸ் குடித்தால் மன உறுதி கூடும்' என்று 2007-ல் வந்த ஓர் ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

● குளுக்கோஸின் மகத்தான வெற்றி எது என்றால், ஓ.ஆர்.எஸ். கரைசல். குடல் குளுக்கோஸை உறிஞ்சும்போது சோடியத்தையும் கூடவே உறிஞ்சுகிறது என்று 1960-ல் ராபர்ட் கிரேன் விளக்கினார். சோடியம் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்காவில், வங்கதேச அகதிகளிடையே காலரா பரவி, ஏற்றுவதற்குத் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுக்கவைத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

● ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.-ல் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். குழந்தை குடிக்க மாட்டேன் என்கிறதே என்று அதில் சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள். இனிப்பு மிகுந்தால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை மோசமாக்கும். வெறும் குளுக்கோஸ் பவுடர் ஓ.ஆர்.எஸ்.-க்கு மாற்று ஆகாது.

● 'ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பாகிவிடும்' என்கிறோம். 5 சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம், அதாவது சுமார் 100 கலோரி. இரண்டு இட்லியில் அது கிடைத்துவிடும். நார்மல் சலைன் பாட்டிலில் குளுக்கோஸ் துளியும் கிடையாது. வாயால் சாப்பிட முடிகிறவர் வெறும் தெம்புக்காக ஊசி குத்திக்கொள்ளத் தேவையில்லை.

● சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அங்கே குளுக்கோஸ் உயிர் காக்கும். 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

● சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு இப்படி ரத்தச் சர்க்கரை இறங்கும்போது சாதாரண சர்க்கரையை நம்பக் கூடாது. சர்க்கரை உடைவதையே அந்த மருந்து தடுக்கிறது. நேரடிக் குளுக்கோஸ்தான் வேண்டும்.

● குளுக்கோஸை ஆற்றலாக மாற்ற தயமின் என்ற பி1 வைட்டமின் அவசியம். நெடுநாள் குடியால் உடல் நலிந்து வருபவருக்கு மருத்துவர்கள் குளுக்கோஸோடு தயமினையும் ஏற்றுவது அதனால்தான். இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம். பாலிஷ் போட்ட பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் இந்த வைட்டமின் அதிகம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருந்து அது அரிசிக்குள் இறங்குகிறது.

● உணவிலும் பானத்திலும் நாம் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 25 கிராம். தேனும் பழச்சாறும் குளுக்கோஸ் பவுடரும் இந்தக் கணக்கில் அடக்கம்.

● இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. தீராத களைப்பு அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. களைப்பு தீர குளுக்கோஸ் குடிப்பவர், நோயைத் தானே வளர்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டு வாரமாகக் களைப்பு விடவில்லையா? பவுடர் டப்பாவைத் திறக்கும் முன்பு ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள்.