இருதயத்தின் ஈரிதழ்க் கதவு

இருதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்களாலான ஒரு கதவு உண்டு. மைட்ரல் வால்வு என்பது அதன் பெயர். மேற்றிராணியார் அணியும் இருகூர் முடியாகிய மைட்டரை ஒத்திருப்பதாக 16ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் உவமித்ததால் வந்த பெயர் அது.

கீழறை சுருங்கி இரத்தத்தை உடலுக்கு அனுப்பும்போது இக்கதவு மூடிக்கொள்ளும். இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாதபடி, மெல்லிய நாண்கள் அவற்றை இழுத்துப் பிடிக்கின்றன. அந்நாண்களோ கீழறையிலுள்ள இரு தசைத் தூண்களில் வேர்கொண்டவை. காற்று நிறைந்த பாயைக் கயிறுகள் தாங்குவது போன்ற ஏற்பாடு இது.

சிலருக்கு இப்பிடிப்புத் தளர்ந்து, வளையத்தின் மட்டத்துக்கு மேல் 2 மில்லிமீட்டரோ அதற்கும் கூடுதலாகவோ இதழ் பிதுங்குகிறது. குறை இதழோடு நிற்பதன்று. இதழின் நடுப்படலத்தில் பசை போன்ற பொருள் மிகுந்து, வலுவூட்டும் நார்கள் சிதைகின்றன. இதழ் தடித்து அகன்று தொய்கிறது. நாண்கள் நீண்டு மெலிகின்றன. வளையமும் விரிவதுண்டு, சிலரிடம் அது கீழறைத் தசையினின்று சற்று விலகியே இருக்கும். அவ்விலகல் உடையோரில் சிலருக்குத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறாவதும் உண்டு. மார்பான் நோய் என்னும் பரம்பரைக் கோளாறு உடையோரிடம் இத்தளர்ச்சி அதிகம்.

தளர்ந்த இதழும் நாணும் திடீரென விறைக்கையில் 'டிக்' என்றோர் ஓசை கேட்கும். அது இருதயத்துக்கு வெளியே எழுவதென்றே மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஜொஹான்னஸ்பர்க் நகரத்து மருத்துவர் பார்லோ, 1963இல், இருதயத்தினுள் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் படம்பிடித்து, ஓசைக்கும் அதனைத் தொடரும் முணுமுணுப்புக்கும் இவ்வால்வே காரணம் எனக் காட்டினார்.

பின்னர் ஒலியலைப் படம் வந்தது. அத்துடன் வீண் அச்சமும் வந்தது. வால்வின் வளையம் தட்டையானதன்று, குதிரைச் சேணம்போல வளைந்தது. ஆகவே ஒரு கோணத்தில் பார்த்தால் நல்ல இதழும் பிதுங்கியதாகவே தோன்றும். 1980களின் பிற்பகுதியில் இவ்வுண்மை தெளிவாகும்வரை, நலமுடைய பலர், இளம்பெண்கள் உட்பட, இருதய நோயாளிகள் என்று முத்திரையிடப்பட்டனர். அமெரிக்காவில் பிராமிங்ஹாம் நகரத்து ஆய்வு 1999இல் கண்ட விகிதம் நூற்றுக்கு 2.4தான். அவர்களிலும் பெரும்பாலோர் தொல்லையின்றி வாழ்பவர்களே.

நாண் அறுந்து இரத்தம் வெகுவாகப் பின்னோக்கிக் கசியும்போதுதான் கத்தி தேவைப்படுகிறது. அப்போதும், இயன்றவரை வால்வை மாற்றாமல், தொய்ந்த பகுதியை நறுக்கி, செயற்கை நாண் தைத்து, விரிந்த வளையத்துக்கு வேறொரு வளையமிட்டு இறுக்குகின்றனர்.