லாரியின் வயதும் ஒயர்லெஸ்ஸின் வயதும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலைத்தொடரின் நீலக்கோடு கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கணியம்பாடி. அதன் அருகே, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய கியாதியினால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் பெற்றுவிட்ட கம்மவான்பேட்டை இருக்கிறது. பழைய ராணுவ லாரி ஒன்றைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, எஞ்சினுக்கு உயிர் கொடுத்து நிறுத்த விரும்புகிறவருக்கு இந்த வட்டாரத்தில் ஒரு விசேஷச் சோதனை உண்டு. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுள், அத்தகைய லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எல்லைப்புறத்து மலைகளில் இரவுகளைக் கழித்த பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். வர்ணத்தின் சாயலில் நேர்ந்த பிழையை அவர் மன்னிக்கலாம். தம் கைவிரல்களுக்கு மனப்பாடமான கருவி இருக்கவேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத வேறொன்று இருப்பதை அவர் கண்கள் உடனே கண்டுகொள்ளும்.

லாரிக்கு ஏற்ற ஒயர்லெஸ் செட்டைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தில் முதலில் எழவேண்டிய கேள்வி, எந்த செட் என்பதன்று. இந்த லாரியில் செட் இருந்ததா என்பதே. சாமான்களும் ஆட்களும் ஏற்றிச் செல்வதற்கென்று செய்யப்பட்ட சாதாரண லாரிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒயர்லெஸ்ஸே கிடையாது. யுத்தகாலத்தில் அது அருமையான சாதனம்; தலைமையிடத்து வண்டிகளுக்கும், பீரங்கிப் படையின் வண்டிகளுக்கும், சிக்னல்ஸ் பிரிவின் பிரத்தியேக ஒயர்லெஸ் வண்டிகளுக்குமே அது வழங்கப்பட்டது. ஆகையால் அழகுக்காக ஒரு பெட்டியை டிரைவர் பக்கத்தில் வைத்துவிடும் ஆசையை அடக்கிக்கொண்டு, லாரியையே சாட்சியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். பழைய வர்ண அடுக்குகளின் அடியில் போல்ட் துளைகள் வரிசையாக இருக்கின்றனவா, ஏரியல் அடிக்கட்டை பொருத்தப்பட்ட தழும்பு உண்டா, இரண்டாவது பாட்டரிக்கென ஒரு தொட்டில் இருக்கிறதா, இயக்குபவர் எழுதுவதற்கான பலகையின் சட்டம் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்றுமே இல்லையென்றால், அந்த லாரியை மௌனமாகவே விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்பது என் திடமான அபிப்பிராயம்.

தடயங்கள் இருந்தால், அடுத்தபடி லாரியின் வயதைப் பார்க்க வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் இந்தியாவுக்கும் பர்மாப் போர்முனைக்கும் வந்து குவிந்தவற்றுள், கனடாவில் ஃபோர்டு, ஷெவர்லே என்ற இரு பெயர்களிலும் ஒரே மாதிரியான தட்டை மூக்குடன் லட்சக்கணக்கில் தயாரான லாரிகள் முக்கியமானவை. யுத்தம் முடிந்ததும் டிஸ்போசல் ஏலங்களில் விலைபோய், சரக்கு லாரிகளாகவும் பஸ்களாகவும் மறுபிறவி எடுத்தவையும் அவற்றில் உண்டு. இந்த வயதுடைய ஒயர்லெஸ் வண்டிக்கு ஏற்றவற்றுள் முதன்மையானது 19-ஆம் எண் செட்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பை நிறுவனம் டாங்கிகளுக்காக உருவாக்கி, 1941 வாக்கில் படைகளின் கைக்கு வந்த இந்த செட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒரே பெட்டிக்குள் மூன்று கருவிகள் அதில் அடங்கியிருந்தன: 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை தூரத்துச் செய்திகளுக்கான 'ஏ' செட் ஒன்று, ஏறக்குறைய 235 மெகாஹெர்ட்ஸில், பக்கத்து டாங்கிகளோடு மட்டும் பேசுவதற்கான 'பி' செட் ஒன்று, டாங்கிக்குள் இருப்பவர்கள் இரைச்சலினிடையே தமக்குள் பேசிக்கொள்வதற்கான இன்டர்காம் ஒன்று. முன்கூட்டியே நிர்ணயித்த இரண்டு அலைவரிசைகளுக்கு நீலம், சிவப்பு என்று அடையாளமிட்டு, இருட்டிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று மாற்றிக்கொள்ள வழி செய்திருந்தார்கள். லாரியில் 'பி' செட்டுக்கு அதிகப் பிரயோஜனம் இல்லை. எனவே அதன் குட்டை ஏரியல் கிடைக்கவில்லையே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

இந்த செட்டைத் தேடுகிறவர்களைத் திகைக்க வைக்கும் சங்கதி ஒன்று உண்டு. முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்துக்களும் பொறித்த 19-ஆம் எண் செட்டுகள் ஏராளமாகக் காணப்படுகின்றன. அவற்றைச் சோவியத் கருவிகள் என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அவை வட அமெரிக்காவில் தயாரானவை. நேச நாடான ரஷ்யாவுக்கும் அனுப்புவதற்காகவே இரு மொழிகளிலும் பெயர் பொறித்தார்கள். அவற்றுள் பல ரஷ்யாவுக்குப் போகாமலே மற்றப் படைகளிடம் பயன்பட்டன. கனடா லாரிக்குக் கனடா செட் பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்?

19-க்கு உறவான 22-ஆம் எண் செட் 1942-இல் வந்தது. அதே 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் எல்லையில் இயங்கி, காலாட்படையின் ஜீப்புகளிலும் சிறு லாரிகளிலும் இடம்பெற்றது. யுத்தத்தின் முடிவில் அதன் வாரிசாக வந்த 62-ஆம் எண் செட், எடையில் குறைந்தது, 1.6 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை விரிந்தது, ஈரத்தையும் பூஞ்சணத்தையும் தாங்குமாறு உஷ்ண தேசங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. சுதந்திர இந்தியாவின் படையிலும் அது நெடுங்காலம் ஊழியம் செய்தது. 1943-ஆம் வருஷத்து லாரியில் 62-ஐ வைத்தால் அது காலப்பிழை. ஆனால் அதே லாரியை 1950-களின் இந்திய ராணுவ வண்டியாகப் புதுப்பித்து, அக்காலத்து வர்ணமும் அடையாளங்களும் தீட்டியிருந்தால், அப்போது 62 தான் உசிதம். லாரி பிறந்த வருஷத்தைவிட, அதன் வாழ்க்கையில் எந்த வருஷத்தை நாம் காட்ட முற்படுகிறோம் என்பதே இங்கே தீர்ப்பளிக்கிறது.

பிந்திய காலத்து வண்டிகளின் கதை ஜபல்பூரோடு பிணைந்தது. ஜெர்மனியின் மான் நிறுவனத்து உரிமத்தின் பேரில் 1959-இல் அங்கே வெளிவரத் தொடங்கிய சக்திமான் லாரியையும், பின்னர் நிஸான் வண்டியை மூலமாகக் கொண்டு பிறந்த ஜோங்காவையும் நம் மாஜி ராணுவத்தினர் பலர் ஓட்டியிருப்பார்கள். 1954-இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபிக்கப்பட்ட பிறகு, ஒயர்லெஸ் கருவிகளும் படிப்படியாக நம் நாட்டிலேயே உருவாகத் தொடங்கின. எழுபதுகளின் தோற்றத்தில் நிறுத்தப்படும் ஜோங்காவுக்கு வால்வு நிறைந்த 19-ஆம் எண் செட்டைவிட, 30 முதல் 76 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஏ.என்.பி.ஆர்.சி-25 வகைச் செட்டே இயல்பாக அமையும். ஐயம் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமென்றால் அதுவும் ஜபல்பூரிலேயே இருக்கிறது: 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று உதயமான சிக்னல்ஸ் படைப்பிரிவின் அருங்காட்சியகம்.

செட் கைக்கு வந்ததும் அதை உடனே பாட்டரியில் இணைத்துப் பார்க்கும் ஆவலைத் தவிர்ப்பது அவசியம். யுத்தகால ஜீப்புகளிலும் லாரிகளிலும் 6 வோல்ட் மின்சாரமே சாதாரணம். 19-ஆம் எண் செட்டுக்கோ 12 வோல்ட் வேண்டும். ஆதலால் இரண்டு 6 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து, வண்டியின் மின்சாரத்தோடு கலக்காமல் தனியே வைத்தார்கள். யுத்தத்திற்குப் பின் பல ராணுவங்களின் வண்டிகள் 24 வோல்ட்டுக்கு மாறின. அந்த மின்சாரத்தில் 12 வோல்ட் செட்டை மாட்டினால் வால்வுகளின் இழைகள் கருகிப்போகும். பாட்டரியின் தாழ்ந்த மின்சாரத்தை, டைனமோட்டர் என்னும் சுழலும் இயந்திரம் ஏறக்குறைய 500 வோல்ட் வரை உயர்த்தித் தருகிறது. அது உயிருக்கு ஆபத்தான அளவு. எண்பது வருஷத்துக் காகிதக் கண்டென்ஸர்கள் உள்ளே வலுவிழந்து கிடக்கும். அவற்றை மாற்றி, பழைய ரேடியோக்களில் கைதேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் மெல்ல மெல்ல மின்சாரம் ஊட்டுவதே நல்லது.

ஏரியலைப் பற்றி யோசிக்கும்போது, கணியம்பாடிக்காரர்களுக்குப் பாடம் கற்பிக்க ஜவ்வாது மலையே போதும். மிக உயர்ந்த அலைவரிசைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. நடுவே ஒரு மலை எழுந்தால் அங்கேயே பெரும்பாலும் தடைப்பட்டுப் போகும். 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைகளோ வானத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலைக்கு அப்பால் இறங்கும் இயல்புடையவை. ஆனால் லாரியின் மேல் நிமிர்ந்து நிற்கும் கோல் ஏரியல் தரையோடு தரையாகச் செல்லும் அலைக்கே உகந்தது. அந்த மலையடிவாரத்து அமிர்திப் பக்கத்துக் காட்டுப் பள்ளத்தில் நின்றுகொண்டு மறுபக்கத்து ஊரோடு பேச வேண்டுமானால், இரண்டு மரங்களுக்கிடையே கிடையாகக் கட்டிய கம்பி அதைவிட மேலானது. எனவே காட்சிக்கு நிறுத்தும் லாரியில், கோலோடு ஒரு கம்பிச் சுருளையும் வைத்துவிட்டால் சித்திரம் பூர்த்தியாகும்.

சட்டத்தை மறந்துவிடக் கூடாது. 1933-ஆம் ஆண்டின் ஒயர்லெஸ் தந்திச் சட்டம் முதல் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை, ஒலிபரப்பும் கருவியை அனுமதியின்றி வைத்திருப்பதற்கே இடமில்லை. பேசுவது அதற்கும் அப்பாற்பட்டது. ஆகவே முறையான பரீட்சை எழுதி, 'ஹாம்' எனப்படும் பொழுதுபோக்கு ஒயர்லெஸ்காரர்களுக்கான உரிமம் பெறுவதும், பெற்றவரைத் துணைகொள்வதும், அதிகாரிகளிடம் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வதும் செட்டை வாங்குவதற்கு முன்பே முடியவேண்டிய காரியங்கள். ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 7 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, 19-ஆம் எண் செட்டின் எல்லைக்குள்ளேயே வருகிறது. மாலைப் பொழுதில், கேட்கும் பகுதியை மட்டும் இயக்கி அங்கே முள்ளை நிறுத்தினால், இன்றைய ஹாம்களின் ஒலிபரப்பு முறை வேறாகிவிட்டபடியால், குரல்கள் முதலில் வாத்துக்கள் கத்துவதைப்போல் புரியாமல் ஒலிக்கும். மோர்ஸ் தந்தியைக் கேட்பதற்காக முகப்பில் வைத்திருக்கும் குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் வார்த்தைகள் தெளிந்து, எங்கோ தொலைவில் ஒருவர் தம் ஊரின் பெயரைச் சொல்லி அழைப்பது கேட்கும்.