உப்பை அளக்கும் உப்பு

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஷாப்புகளில் வந்து இறங்கும் பச்சைத்தோலை உதறினால் உப்பு கொட்டும். தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பு. ஊறப்போட்டுக் கழுவும்போது தண்ணீரோடு வெளியேறி மண்ணுக்குள் இறங்கினால், கிணற்றில் கரிப்பாகத் தலைகாட்டும். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஒரு தன்னார்வ அமைப்பின் கணக்கெடுப்பைச் சொல்கிறது: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 மாசுபட்டவை.

கரிப்பை நாக்கே சொல்லிவிடும். எவ்வளவு கரிப்பு என்று அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் சொல்ல எண் வேண்டும். ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்கலாம். வேறு நீரே இல்லையென்றால் 1,000 வரை.

அந்த எண் பிறக்கும் இடம் ஒரு கூம்புக் குடுவை. கிணற்று நீரில் சில சொட்டு பொட்டாசியம் குரோமேட் விட்டால் மஞ்சளாகும். மேலே பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட் சொட்டச் சொட்ட, வெண்ணிற வீழ்படிவு திரளும். குளோரைடு தீர்ந்ததும் விழும் சொட்டில் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும். அத்தோடு நிறுத்திவிட்டு, செலவான மில்லிலிட்டரைக் கணக்குப் போட வேண்டும்.

வழக்கமான 0.0141 நார்மல் செறிவுள்ள சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு மில்லிலிட்டர் அரை மில்லிகிராம் குளோரைடைப் பிடிக்கும். சீசாவில் அப்படித்தான் எழுதியிருக்கும். கரைசல் வெளிச்சம் பட்டு 5 சதவீதம் வலுவிழந்திருந்தால்? கூடுதலாகச் செலவாகும்; 240 உள்ள நீர் 253 என்று காட்டும். பத்து முறை செய்தாலும் அதே 253தான். நல்ல கிணறு கெட்டதாகிவிடும்.

ஆகவே சில்வர் நைட்ரேட்டையே முதலில் சோதிக்க வேண்டும். எதை வைத்து? உப்பை வைத்து! 140 பாகையில் உலர்த்திய தூய சோடியம் குளோரைடு 0.824 கிராம், ஒரு லிட்டர் குடுவையில் கரைத்தது. 27 பாகைக்கு அளவிட்ட குடுவையைச் சித்திரை வெயிலில் 35 பாகையில் நிரப்பினாலே கால் சதவீதம் பிசகும்.

அந்த உப்பு தூயது என்று யார் சொன்னது? இங்கேதான் தடம் பிடித்துப் போக வேண்டும். உப்போடு வரும் சான்றிதழ் அதன் தூய்மையையும், எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும் சொல்லும். சான்றளித்த இத்தகைய பொருள்களுக்கு இந்தியாவில் 'பாரதீய நிர்தேஷக் திரவ்யா' என்று பெயர். அவற்றுக்குப் பின்னால் நிற்பது டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். உப்பை நிறுக்கும் தராசுக்கும் மூலம் அங்கேதான்: நாட்டின் கிலோகிராம் எடைக்கல்லான, சர்வதேச மூலக் கல்லின் 57-ஆம் எண் பிரதி. 2019 மே 20 முதல் கிலோகிராமே எடைக்கல்லை விட்டு, பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணைப் பிடித்துக்கொண்டது. திண்டுக்கல் தராசிலிருந்து அதுவரை ஒரு கண்ணி அறுந்தாலும் குடுவையில் பிறந்த எண்ணுக்கு ஆதாரமில்லை.

தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்துக்கும் இதே கதை. அதன் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும், செறிவு தெரிந்த திட்டக் கரைசலைக் காட்டிப் பழக்காமல் அதற்கு எண் சொல்லத் தெரியாது.

ஒவ்வொரு கண்ணியும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஐயத்தைச் சேர்க்கும். முடிவு 253 ± 6 என்று வந்தால், வரம்பு மீறியதென்று அடித்துச் சொல்ல முடியாது. 280 ± 6 என்றால் சொல்லலாம். கிணற்று நீர் அறிக்கை கைக்கு வந்தால் ± இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்த 0.824 கிராம் உப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.