மிதித்தால் பிடிக்கும்... விட்டால் விடுவது எது, தெரியுமா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைவிட முதலில் வசப்படுத்த வேண்டியிருந்தது தண்ணீரை, தெரியுமா? நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஒரு பெரும் நீர்த்தேக்கம் அடைபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோ விசையோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது! பம்புகள் இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தை இறக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து வெள்ளம் புகுந்துவிடும். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய ஊர் இது. அந்த ஊரே இன்று அழுத்தத்தை இறக்கி இறக்கித்தான் நிற்கிறது.

இப்போது ஒரு டவுன்ஷிப் வீட்டு வாசலுக்கு வாருங்கள். வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் ஏறி பிரேக்கைப் பலமாக மிதித்தால், பிரேக் ஆயில் குழாய்க்குள் எழும் அழுத்தம் சுரங்கத்தின் அடித்தண்ணீரைப்போலச் சுமார் பத்து மடங்கு! ஒரு கால் மிதியில்! அந்த அழுத்தம் சக்கரத்தின் டிஸ்கைப் பிடிக்கும் கிடுக்கியான காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது, பேடு டிஸ்கைக் கவ்வுகிறது. ஆயிரம் கிலோ கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிறக்கும் வெப்பம், அரை லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்டக் கொதிக்க வைக்கப் போதும்.

சரி, காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது எது? ஸ்பிரிங் என்றுதானே நினைத்தீர்கள்? சாதாரண டிஸ்க் பிரேக்கில் அங்கே ஸ்பிரிங்கே கிடையாது! பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர விளிம்புள்ள ஒரு ரப்பர் வளையம்தான் எல்லாம். பிஸ்டன் முன்னேறும்போது அந்த வளையம் முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் கூடவே இழுத்துவிடுகிறது. இழுக்கும் தூரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பேட் தேயத் தேய பிஸ்டன் தானாகவே முன்னேறி நின்றுகொள்ளும். யாரும் முறுக்கிச் சரிசெய்ய வேண்டாம். இவ்வளவு அறிவை ஒரு ரப்பர் வளையத்துக்குள் வைத்தவர்களை நான் வணங்குகிறேன்.

அந்த அரை மில்லிமீட்டர் கெட்டால்தான் காலிப்பர் ஜாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில், கிழிந்த ரப்பர் பூட் வழியே தண்ணீர் புகுந்து பிஸ்டன் துருப்பிடிக்கும். அல்லது காலிப்பர் நகர வேண்டிய ஸ்லைடு பின்னில் கிரீஸ் வறண்டு இறுகும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் விழும், கருகல் வாடை வரும், ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும். டிஸ்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். இரு பக்க டிஸ்கிலும் இரண்டிரண்டு துளி தண்ணீர் தெளியுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுர்ரென்று ஆவியானால் அதுதான் ஆள்.

இனி வருவதுதான் அற்புதம். குற்றவாளி பிஸ்டனா, பின்னா, ஆயில் வரும் ரப்பர் ஹோஸா? சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரின் ஏர் எடுக்கும் நிப்பிளைச் சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டதா? காலிப்பர் நிரபராதி! அழுத்தம் திரும்ப வழியில்லாமல் சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் ரப்பர் ஹோஸின் உட்சுவர் உப்பி, போகும் வழியைத் திறந்தும் வரும் வழியை அடைத்தும் வைத்திருக்கும். வெளியே பார்த்தால் புத்தம் புதிதுபோல் இருக்கும்! இரண்டு முன்சக்கரமும் ஒன்றாகவே ஜாம் ஆனால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகியுங்கள். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லையா? அப்போது காலிப்பரேதான், பின்சக்கரமென்றால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள்.

கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஸ்லைடு பின் என்றால் துடைத்து, ரப்பருக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் தடவி, பூட் மாற்றினால் தீர்ந்தது. சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் தேய்த்து ஒப்பேற்றாதீர்கள். பிஸ்டனும் சீல் கிட்டும் புதிது போடுங்கள், இல்லையேல் காலிப்பரையே மாற்றுங்கள்.

பிரேக் ஆயில் எண்ணெயே இல்லை, தெரியுமா? பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம் அது. காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 தரத்தில் புதியது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் குடித்தபின் அந்த வரம்பு 140-க்கு இறங்குகிறது. ஜாம் ஆன பிரேக்கின் சூட்டில் அது கொதித்துக் குமிழானால் பெடல் தரைவரை போகும். அதனால்தான் வண்டியை இப்படியே மெதுவாக ஓட்டிவிடலாம் என்று யாரும் சொன்னால் எனக்குப் பதறுகிறது.

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் காப்புரிமை வாங்கியது 1902-ல்! திரவ அழுத்தத்தில் நான்கு சக்கரத்தையும் நிறுத்தும் பிரேக் 1921-ல் அமெரிக்காவின் டியூசன்பர்க் காரில் வந்தது. அதை உருவாக்கிய மால்கம் லாக்ஹீட், விமானம் செய்த ஆலன் லாக்ஹீடின் அண்ணன்! நெய்வேலி அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிய அதே 1962-ல்தான் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா பிறந்தது.

சரி, பழுது பார்த்து ஏர் எடுத்து முடித்ததும் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கிய பிறகே வண்டியை நகர்த்துங்கள். நெய்வேலி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட் தாண்டி வடலூர் சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்து, இரண்டு முன்சக்கரங்களிலும் மறுபடி இரண்டிரண்டு துளி தண்ணீர் தெளியுங்கள். இந்த முறை இரண்டும் ஒரே மாதிரி காயும்.