கையெழுத்திடும் முன் வினைச்சொல்லைப் பாருங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுத் திட்டப்பணி, நிறுவனம் ஒன்றில் ஆறு மாத வேலைப் பயிற்சி, வார இறுதியில் நடக்கும் ‘ஹேக்கத்தான்’ போட்டி. இவற்றில் ஏதாவது ஒன்றில் கலந்துகொண்ட மாணவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டிருப்பார். இணையம் என்றால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தைத் தட்டியிருப்பார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் சிரித்து மழுப்புவார்கள்.

உங்கள் யோசனை வெற்றிபெற்றால் அது யாருக்குச் சொந்தம் என்பது அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. மூன்று, நான்கு சொற்களால் ஒரு பெரிய பல்கலைக்கழகமே வழக்கில் தோற்ற கதை உண்டு.

1980களின் பிற்பகுதி. எய்ட்ஸ் நோய்க்கு மருந்து தேடி உலகமே தவித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹொலோட்னி என்ற ஆய்வாளர் சேர்ந்தார். சேரும்போது, தம் கண்டுபிடிப்புகளின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ‘மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்’ என்ற படிவத்தில் கையெழுத்திட்டார்.

அவருடைய ஆய்வுக்கு ‘பிசிஆர்’ நுட்பம் தேவைப்பட்டது. கொவிட்-19 காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியைச் சோதித்தார்களே, அதே நுட்பம்தான். கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் அதைக் கண்டறிந்த கேரி மல்லிஸ், 1993ல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஹொலோட்னிக்கு அந்த நுட்பத்தில் அதிகப் பழக்கமில்லை. எனவே மேற்பார்வையாளர் அவரைச் சீட்டஸுக்கே அனுப்பிவைத்தார்.

சீட்டஸ் தன் ஆய்வுக்கூடத்துக்கு வருபவர்களிடம் ஒரு ரகசியக்காப்பு ஒப்பந்தம் வாங்கியது. அங்கு செய்யும் பணியால் உருவாகும் கண்டுபிடிப்புகளின் உரிமையை நிறுவனத்துக்கு ‘மாற்றித்தருவேன், இதன்மூலம் மாற்றித்தருகிறேன்’ என்று அதில் இருந்தது. அவர் அதிலும் கையெழுத்திட்டார்.

ஒன்பது மாதங்களில், ரத்தத்தில் எச்ஐவி கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சீட்டஸ் ஊழியர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கினார். பிறகு ஸ்டான்ஃபர்ட் திரும்பினார். பல்கலைக்கழகம் அந்த முறையை மேலும் சோதித்து, மூன்று காப்புரிமைகளைப் பெற்றது. இதற்கிடையே 1991ல் சீட்டஸின் ‘பிசிஆர்’ தொழிலை ரோஷ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ரோஷின் எச்ஐவி பரிசோதனைச் சாதனங்கள் உலக நாடுகளின் மருத்துவமனைகளுக்குச் சென்றன. 2005ல் ஸ்டான்ஃபர்ட் வழக்குத் தொடுத்தது.

2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தது. ‘மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்’ என்பது எதிர்காலத்தில் செய்யப்போவதற்கான வாக்குறுதி. ‘இதன்மூலம் மாற்றித்தருகிறேன்’ என்பது இப்போதே நடந்து முடிந்த செயல். எனவே கண்டுபிடிப்பு உருவானபோதே அவருடைய பங்கு சீட்டஸுக்குப் போய்விட்டது. பிறகு ஸ்டான்ஃபர்டுக்குக் கொடுக்க அவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ரோஷும் ஓர் உரிமையாளர் என்பதால் அதன்மேல் வழக்குத் தொடுக்கவும் முடியாமல் போனது.

ஸ்டான்ஃபர்ட் விடவில்லை. ஆய்வுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. அப்படிப்பட்ட ஆய்வுகளுக்கான 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை தானாகவே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடும் என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. 2011 ஜூன் 6ஆம் தேதி, ஏழு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை, இருவர் மாறுபட்டனர். கண்டுபிடிப்பு முதலில் கண்டுபிடித்தவருக்கே சொந்தம்; அவர் எழுதிக்கொடுத்தால்தான் மற்றவருக்குப் போகும் என்பது தீர்ப்பு. அதன்பின் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் படிவங்களில் வினைச்சொல்லை மாற்றிக்கொண்டன.

எனக்கு இந்த வழக்கில் வியப்பாக இருப்பது வேறொன்று. வென்றது பெரிய ஆய்வு ஒப்பந்தம் அல்ல. வெளியிலிருந்து வருபவர் உள்ளே நுழையக் கையெழுத்திடும் படிவம்.

இது நமக்கு எப்படிப் பொருந்துகிறது? சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் வழக்கமான வேலையின்போது கண்டுபிடிப்பது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். மலேசியச் சட்டமும் ஏறக்குறைய அதே வழியில்தான் செல்கிறது. ஆனால் திட்டப்பணி செய்யும் மாணவர் ஊழியர் அல்லர். எதிலும் கையெழுத்திடாதவரை அவருடைய கண்டுபிடிப்பு அவருடையது. அதனால்தான் கல்லூரியும் நிறுவனமும் முதல் நாளிலேயே படிவத்தை நீட்டுகின்றன. அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. பணமும் கருவியும் கொடுப்பவர் பயனை எதிர்பார்ப்பது இயல்புதான்.

சட்டம் தருவதை ஒப்பந்தத்தின் ஒரு வரி எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்குக்கூட முதல் உரிமையை எடுத்தவருக்கே தருகிறது. ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொன்னால் ஒப்பந்தம் சொல்வதுதான் செல்லும். திருமண வீடுகளில் படமெடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் மாணவர்களுக்கு இது பயன்படும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உணவங்காடி நிலையத்தில் வீணாகும் உணவை எடைபோட்டு வகைபிரிக்கும் கருவியை இரண்டு மாணவர்கள் ஓர் உணவு நிறுவனத்துடன் சேர்ந்து செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்திடம் பல ஆண்டுத் தரவு இருக்கிறது. மாணவர்களில் ஒருவர் முந்தைய விடுமுறையில் எழுதிய நிரலைக் கொண்டுவருகிறார். இவை இரண்டும் ஏற்கெனவே இருந்தவை, ஒப்பந்த மொழியில் ‘பின்னணிச் சொத்து’. சேர்ந்து உருவாக்கும் கருவி புதியது. நல்ல ஒப்பந்தம் இந்த இரண்டையும் பிரித்து எழுதும். பிரிக்காமல் ‘திட்டப்பணியில் பயன்படும் அனைத்தும்’ என்று போட்டிருந்தால், விடுமுறையில் எழுதிய நிரலும் சேர்ந்தே போகும்.

‘புதியது இரு தரப்புக்கும் கூட்டாகச் சொந்தம்’ என்று எழுதியிருந்தால்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், காப்புரிமையின் கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமலே அதைத் தம் சொந்தப் பயனுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் மூன்றாமவருக்கு உரிமம் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். தொழிற்கூடம் வைத்திருக்கும் நிறுவனம் நாளைக்கே தயாரிக்கத் தொடங்கலாம். தொழிற்கூடம் இல்லாத மாணவருக்கு வேறொருவருக்கு உரிமம் கொடுப்பதே வழி, அதற்கோ அந்த நிறுவனம் தலையசைக்க வேண்டும். சரிபாதி என்று சொல்லிக்கொண்டாலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. உணவுத்துறைப் பயன்பாடு நிறுவனத்துக்கு, மற்ற துறைகள் எங்களுக்கு என்று பிரிக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் நிறுவனம் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்ப வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்லமாட்டேன். கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

கண்காட்சியில் காட்டலாமா, வேலை நேர்காணலில் பேசலாமா என்பதையும் கேட்டுவையுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்குமுன் விவரம் வெளியானால் ‘புதியது’ என்ற தகுதி கெடக்கூடும் என்பதால், வெளியிடுமுன் பார்வையிட நிறுவனம் சில வாரங்கள் கேட்பது நியாயம். காலவரையே இல்லாத தடை நியாயமல்ல.

நீடித்த நிலைத்தன்மை தொடர்பான ஒப்பந்தங்களில் வினைச்சொல் இன்னும் அதிகமாக விளையாடுகிறது. 2015 டிசம்பர் 12ஆம் தேதி, பாரிஸ் பருவநிலை மாநாட்டின் கடைசி நேரம். இறுதி வரைவில், வளர்ந்த நாடுகள் கரிம வெளியேற்றத்தைக் குறைப்பது பற்றிய ஒரு வரியில் ‘ஷேல்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. அது சட்டக் கடப்பாடு. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. பின்னர் அது ‘ஷுட்’ என்று மாற்றப்பட்டு, எழுத்துத் திருத்தங்களோடு திருத்தமாக வாசிக்கப்பட்டது. ஒப்பந்தம் நிறைவேறியது. தமிழில் இரண்டையுமே ‘செய்ய வேண்டும்’ என்று எழுதிவிடுகிறோம். மொழிபெயர்ப்பை மட்டும் படிப்பவருக்கு அந்தச் சண்டையே தெரியாது.

சிங்கப்பூரும் மலேசியாவும் இடம்பெற்றுள்ள இரண்டு பெரிய வர்த்தக உடன்பாடுகளிலும், அதாவது ‘சிபிடிபிபி’, ‘ஆர்செப்’ இரண்டிலும், ஒத்துழைப்புக்கென்று தனி அத்தியாயம் உண்டு. இரண்டிலும் அந்த அத்தியாயத்துக்குச் சச்சரவுத் தீர்வு நடைமுறை பொருந்தாது. ஒரு நாடு ஒத்துழைக்கவில்லை என்றால் மற்ற நாடு அந்த நடைமுறையின்கீழ் வழக்காட முடியாது. இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கடுமையான சொல் இருந்தால் கையெழுத்திடாத நாடுகளையும் மென்மையான சொல் மேசைக்கு அழைத்துவருகிறது.

ஆனால் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே அந்த மென்மை தேவையில்லை. கட்டுமானத் துறையில் பல நாடுகளில் பயன்படும் பிரிட்டனின் ‘என்இசி’ ஒப்பந்தங்களில், 2022ல் ‘எக்ஸ்29’ என்ற பருவநிலைப் பிரிவு சேர்க்கப்பட்டது. குத்தகையாளர் பருவநிலைத் திட்டம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். இலக்குகளை ஓர் அட்டவணையில் எழுதி, எட்டினால் எவ்வளவு பணம், தவறினால் எவ்வளவு பிடித்தம் என்றும் குறிக்கலாம். ‘சுற்றுச்சூழலைப் பேண முயல்வோம்’ என்ற வாசகத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அளவு, தேதி, பணம் மூன்றும் இதில் இருக்கின்றன.

உங்கள் படிவம் கைக்கு வரும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கடைசியில் இணைப்பு என்று ஒரு பக்கம் இருக்கக்கூடும். ஒவ்வொரு தரப்பும் கொண்டுவரும் பின்னணிச் சொத்தைப் பட்டியலிட வேண்டிய இடம் அது. நிறுவனத்தின் பகுதி நிரம்பியிருக்கும். மாணவரின் பகுதியில் பலர் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள், அல்லது வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். முன்பே எழுதிய நிரல், வரைபடம், ஆய்வுக் குறிப்பு எதுவாக இருந்தாலும் பெயரும் தேதியும் போட்டு அங்கே எழுதுங்கள். பின்னர் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.