ஒரு படத்தின் விலை என்ன?

"கையடக்கத் தொலைபேசியில் படம் எடுக்கக் காசா கேட்கிறது?" என்று தோழிகள் சிரிப்பதுண்டு. கேட்கத்தான் செய்கிறது. கேட்கும் நேரம்தான் வேறு.

படச்சுருள் கமராவுக்கும் டிஜிட்டல் கமராவுக்கும் இடையிலான செலவு வேறுபாட்டை, கணக்கீட்டுப் பாடத்தில் நாம் படிக்கும் இரண்டு சொற்களால் விளக்கலாம். படச்சுருளில் மாறும் கிரயம் அதிகம். டிஜிட்டலில் நிலையான கிரயம் அதிகம்.

35 மில்லிமீற்றர் படச்சுருள் ஒன்றில் வழக்கமாக 24 அல்லது 36 படங்களே எடுக்கலாம். ஒளிபட்டால் மாற்றமடையும் வெள்ளிச் சேர்வைகள் பூசப்பட்ட அந்தச் சுருளை ஒருமுறை மட்டுமே பயன்படுத்த முடியும். பின்னர் அதை இரசாயனக் கரைசல்களில் கழுவ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நின்றவரின் படத்துக்கும் அதே செலவுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சுருளுக்கும் கழுவுவதற்கும் சேர்த்து 7200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 36 படங்களுக்குப் பிரித்தால் ஒரு படம் 200 ரூபா. டிஜிட்டல் கமராவின் விலை 180,000 ரூபா எனக் கொண்டால், 900 படங்களில், அதாவது 25 சுருள்களில், இரண்டு செலவும் சமமாகிவிடும். வீட்டில் பழைய படச்சுருள் கமரா இருந்தாலும் கணக்கு இதுதான். வருடத்துக்கு இரண்டு சுருள் எடுப்பவருக்குச் சமமாகப் பன்னிரண்டரை வருடங்கள் செல்லும். ஆனால் படம்பிடிக்கப் பழகும் மாணவி 900 படங்களைச் சில வாரங்களிலேயே எடுத்துவிடுவாள். பழகுபவருக்கு டிஜிட்டலே இலாபம்.

இந்த மாற்றம் ஒரு பெரிய நிறுவனத்தையே ஆட்டிப்படைத்தது. 1975இல் முதலாவது கையடக்க டிஜிட்டல் கமராவை உருவாக்கியவர் கொடக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன். ஒரு படத்தைப் பதிவுசெய்ய அதற்கு 23 செக்கன்கள் தேவைப்பட்டன. படச்சுருள் விற்பனையையே பெரிதும் நம்பியிருந்த கொடக், 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

அப்படியானால் டிஜிட்டல் படம் இலவசமா? இல்லை. கமராவுக்குப் பெறுமானத் தேய்வு உண்டு. நினைவக அட்டை, மின்கலம், வன்தட்டு எல்லாவற்றையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். கூகுள் போட்டோஸ் தனது எல்லையற்ற இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட். ஒரு படம் 5 மெகாபைட் என்றால் ஏறத்தாழ 3000 படங்களுடன் இடம் நிரம்பிவிடும். அதன்பின் கட்டணம்தான்.

எங்கள் உம்மாவின் நிக்காஹ் அல்பத்தில் இருப்பவை இரண்டு சுருள் படங்கள். நெகடிவ்களும் ஓர் உறையில் பத்திரமாக இருக்கின்றன. ராத்தாவின் மகன் பிறந்த முதல் வருடத்தில் எடுத்த படங்களோ நூற்றுக்கணக்கானவை. அவள் தொலைபேசி பழுதடைந்தபோது அத்தனையும் போய்விட்டன. வாப்பா தன் தொலைபேசியில் வைத்திருந்த ஆறு படங்களே மிச்சம். எடுப்பதற்குச் செலவில்லாததால், காப்பதற்கும் செலவு உண்டு என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே பெற்றோருக்கும் தோழிகளுக்கும் ஒரு யோசனை. மாதம் ஒருமுறை பத்துப் படங்களைத் தெரிவுசெய்து ஸ்டூடியோவில் பிரதி எடுத்து வையுங்கள். மற்றவற்றை வேறு வேறு இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒரு சுருளைக் கழுவ அன்று வாப்பாமார் கொடுத்த காசைவிட அது அதிகமாகாது.